மகதலேனா மரியாள் செய்த குற்றம் என்ன?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் வந்தாலே எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஊருக்கு ஊர் உபவாசக் கூட்டம், கன்வென்ஷன் என்று களைகட்டிவிடும். காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு வரை பந்தலும் ஒலிபெருக்கியும்தான். அப்படி ஒரு மேடையில் போன வாரம் மறுபடியும் அதைக் கேட்டேன். விபசாரியாக இருந்த மகதலேனா மரியாளையே ஆண்டவர் மன்னித்தார், உன்னை மன்னிக்க மாட்டாரா என்று பேசியவர் உருகினார். கூட்டமும் அல்லேலூயா சொன்னது. அவர் நல்ல மனிதர், ஜெபிக்கிறவர். ஆனால் சொன்னது உண்மையில்லை.

நான்கு சுவிசேஷத்தையும் புரட்டிப் பாருங்கள். மகதலேனா மரியாள் விபசாரி என்று ஒரு வசனம்கூட இல்லை. லூக்கா 8-ஆம் அதிகாரம் அவரிடமிருந்து ஏழு பிசாசுகள் நீங்கின என்கிறது. அதாவது கடும் வேதனையிலிருந்து குணமானவர். அதே இடத்தில், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் இவர்களோடு சேர்ந்து தன் கைப்பொருளைக் கொடுத்து இயேசுவுக்கும் சீஷருக்கும் ஊழியம் செய்தவர் என்கிறது. சீஷர்கள் சிதறி ஓடிய நேரத்தில் சிலுவையருகே நின்றவர்களில் ஒருவர். ஞாயிறு விடியற்காலையில் கல்லறைக்குப் போனவர்களில் அவர் பெயரை நான்கு சுவிசேஷகரும் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு பெருமை உள்ள ஒரு பெண்ணுக்கு இந்தப் பழி எங்கிருந்து வந்தது?

லூக்கா 7-இல் பாவியாகிய ஒரு ஸ்திரீ வருகிறாள், கண்ணீரால் இயேசுவின் பாதத்தை நனைக்கிறாள். அவளுக்குப் பெயரே சொல்லப்படவில்லை. யோவான் 12-இல் பெத்தானியாவில் மார்த்தாளின் தங்கை மரியாள் தைலம் பூசுகிறாள். இவர்கள் இருவரையும் மகதலேனாவோடு சேர்த்து ஒரே ஆளாக்கி 591-இல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கம் செய்தார். மேற்கத்திய சபை அதைப் பிடித்துக்கொண்டது. கீழைச் சபைகள் மூவரையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தன. கத்தோலிக்க சபை 1969-இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது இந்தக் கலவையைக் கைவிட்டது. 2016-இல் போப் பிரான்சிஸ் அவருடைய ஜூலை 22 நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தினார். அங்கே சரிசெய்தாகிவிட்டது. எங்கள் மேடைகளில் இன்னும் ஆகவில்லை.

மகதலா என்ற ஊர் தெரிந்திருந்தால் இந்தப் பழி இவ்வளவு எளிதில் ஒட்டியிருக்காது என்று நினைக்கிறேன். கலிலேயாக் கடலின் மேற்குக் கரை ஊர் அது. மீன் பதப்படுத்தும் தொழிலுக்குப் பேர்போன, பணம் புழங்கிய ஊர். 2009-இல் அங்கே தோண்டியபோது முதல் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்று வெளியே வந்தது. 'மகதலேனாள்' என்பது அந்த ஊர்க்காரி என்ற அடையாளம், அவ்வளவுதான். நம் ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் பர்கூரார், ஊத்தங்கரையார் என்று ஊரைச் சேர்த்துச் சொல்வதில்லையா? சுவிசேஷத்தில் மரியாள்கள் ஏராளம். இயேசுவின் தாய், பெத்தானியா மரியாள், கிலெயோப்பாவின் மரியாள், யாக்கோபு யோசே என்பவர்களின் தாய் மரியாள். அதனால்தான் ஊர்ப் பெயரை ஒட்டினார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். வேதாகமத்தில் யார், எந்த ஊர், என்ன பதவி, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் செமினரியில் படிக்கிறவர்களுக்கான சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட்டோம். விசுவாசத்துக்கு அது தேவையில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். தேவை. ஆளை மாற்றிப் படித்தால் ஒரு நல்ல பெண்ணை நூற்றாண்டுக் கணக்கில் அவதூறு பேச வேண்டியிருக்கிறது. ஊரை விட்டுவிட்டுப் படித்தால் உவமையின் பாதி போய்விடுகிறது.

ஏரோதை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றவனும், யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டியவனும், யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றவனும் ஒரே ஆள்தான். பெரியவர்களே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். அதியமான் என்பது ஒரு ஆளின் பெயரில்லை, தகடூரை ஆண்ட குலத்தின் பெயர் என்று தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவர் நெடுமான் அஞ்சி, அவர் மகன் பொகுட்டெழினி என்று பிரித்துச் சொல்வோம். ஏரோதும் அப்படிக் குடும்பப் பெயர்தான். குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பெரிய ஏரோது கி.மு. 4 வாக்கில் இறந்தான். யோவானைக் கொன்றவன் அவன் மகன் அந்திப்பா. யாக்கோபைக் கொன்றவன் பேரன் முதலாம் அகிரிப்பா, கி.பி. 44-இல் செசரியாவில் இறந்தவன். பவுலின் வழக்கைக் கேட்ட அகிரிப்பா அவனுடைய மகன்.

இதைப் பிரித்துப் படித்தால் பல முடிச்சுகள் தானாக அவிழும். எகிப்திலிருந்து திரும்பிய யோசேப்பு பெத்லகேமுக்குப் போகாமல் ஏன் நாசரேத்துக்குப் போனார்? யூதேயா அர்கெலாயு கையிலிருந்தது. தகப்பனைப் போலக் கொடூரன். கலிலேயா அவன் சகோதரன் அந்திப்பாவின் பங்கு. அந்த அர்கெலாயுவை கி.பி. 6-இல் ரோமர்கள் நாடுகடத்திவிட்டு யூதேயாவுக்குத் தங்கள் அதிகாரியையே அனுப்ப ஆரம்பித்தார்கள். அந்த வரிசையில் வந்தவன்தான் பிலாத்து, ஆட்சிக்காலம் கி.பி. 26 முதல் 36 வரை. அவன் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. இயேசு கலிலேயர் என்று கேள்விப்பட்டதும் பிலாத்து அவரை ஏரோது அந்திப்பாவிடம் அனுப்பியதும் இதனால்தான். கலிலேயா பிலாத்துவின் எல்லை இல்லை. நம் போலீஸ் ஸ்டேஷன்களில் "இது எங்க லிமிட் இல்ல" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று விளங்கும்.

பெயர் விஷயத்தில் நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எலத்தகிரி, கோவிலூர் பக்கத்துக் கத்தோலிக்கப் பெரியவர்கள் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்பார்கள். மற்ற சபைகளில் பேதுரு, பவுல், யோவான். ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த பிறகும் பிள்ளைகள் இவர்களை ஆறு பேர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் பேதுரு, பவுல், யோவான் என்றே இருப்பதால் இளையவர்களுக்குப் பரவாயில்லை. பாட்டி சொல்வதும் பேரன் படிப்பதும் ஒருவரைத்தான் என்று வீட்டில் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும்.

சரி, ஊர்களுக்கு வருகிறேன். நல்ல சமாரியன் உவமை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவன் கள்ளர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான், ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள், ஒரு சமாரியன்தான் உதவுகிறான். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 750 மீட்டரில் இருக்கிற மலை ஊர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே 250 மீட்டரில் கிடக்கிறது. நடுவில் 27 கிலோமீட்டர்தான். அதற்குள் ஆயிரம் மீட்டர் இறங்க வேண்டும். வறண்ட பாறை, வளைவு, ஒளிந்துகொள்ளப் பள்ளங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இரட்டைப்பாலம் வரும்போது லாரி ஓட்டுபவருக்கு வயிற்றில் ஒரு பயம் எழுமே, அந்தப் பெயரைக் கேட்டாலே நம் ஊர்க்காரர்கள் உச்சுக்கொட்டுவோமே, எரிகோ சாலை என்றதும் இயேசுவைச் சுற்றி இருந்தவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அவர் 'ஒரு வழியில்' என்று பொதுவாகச் சொல்லவில்லை. எல்லோரும் பயப்படுகிற சாலையின் பெயரைச் சொன்னார்.

ஆசாரியனுக்கு வக்காலத்து வாங்கும் பிரசங்கங்களும் உண்டு. தேவாலயப் பணிக்குப் போகிறவன், பிணத்தைத் தொட்டால் தீட்டாகிவிடும், அதனால் விலகிப் போனான் என்பார்கள். லூக்கா எழுதிய கிரேக்கத்தில் அந்த ஆசாரியனும் இறங்கிக்கொண்டிருந்தான் என்றே இருக்கிறது. எருசலேமை விட்டுக் கீழே போகிறான் என்றால் பணி முடிந்து வீடு திரும்புகிறான். எரிகோவில் ஆசாரியர் குடும்பங்கள் பல வாழ்ந்தன. எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்தவரிடம் அந்த வக்காலத்து எடுபடாது.

அப்புறம் சமாரியன். இன்று நமக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நல்லவர் என்றுதான் தோன்றுகிறது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரைப் பாதுகாக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த பிரிவுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அது வாயில் வைக்கக்கூடாத பெயர். கி.மு. 722 வாக்கில் அசீரியர் இஸ்ரவேலின் வட ராஜ்யத்தைப் பிடித்து, மக்களைச் சிறைகொண்டு போய், வேறு ஜனங்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார்கள். கலந்துபோன ஜனம் என்று யூதர்கள் அவர்களை ஒதுக்கினார்கள். கெரிசீம் மலையில் அவர்களுக்கென்று இருந்த கோயிலை கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூத ஆட்சியாளன் இர்கான் இடித்துத் தள்ளினான். சமாரியர் இன்றும் இருக்கிறார்கள். 1,000 பேருக்கும் குறைவு. அந்த மலையில் இன்றும் பஸ்காப் பலி கொடுக்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிற யோவான் 4-ஐப் படியுங்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் சார்ட் பேப்பரில் ஒரு வரைபடம் வரைந்து மாட்டியிருக்கிறேன். மேலே கலிலேயாக் கடல், கீழே சவக்கடல், நடுவில் நீலக் கோடாக யோர்தான். பக்கத்தில் கலிலேயா, சமாரியா, யூதேயா என்று மூன்று நிறம். நாசரேத்திலிருந்து எருசலேம் ஏறக்குறைய ஓசூரிலிருந்து தொப்பூர் போகிற தூரம் என்று சொன்னதும், ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், சமாரியா நடுவுலதானே இருக்கு, ஏன் சுத்திப் போனாங்க?" என்றான். மரியாதையான யூதர்கள் சிலர் அந்த மண்ணை மிதிக்காமல் யோர்தானைத் தாண்டிப் போனார்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை சொன்னது: "எங்க பாட்டி காலத்துல அந்தத் தெரு வழியா போக விடமாட்டாங்களாம் சார், அந்த மாதிரியா?" அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைக்குப் புரிந்தது நம் பெரியவர்களுக்கும் புரிய வேண்டும். நண்பகல். யாக்கோபின் கிணறு. இன்றைய நாப்ளஸ் நகரில் ஒரு கிரேக்க ஆலயத்துக்கு அடியில் அந்தக் கிணறு இருக்கிறது, சுமார் 40 மீட்டர் ஆழம். "மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே" என்று அவள் சொல்வது எவ்வளவு நேரான பேச்சு என்று, கோடையில் கயிறு எட்டாத கிணற்றைப் பார்த்த நம் மாவட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். யூதர்கள் சமாரியருடன் 'சம்பந்தங்கலவாதவர்கள்' என்று வசனம் சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில், அவள் குடத்துத் தண்ணீரை இயேசு கேட்கிறார். தனிக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்து வளர்ந்த மண் இது. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற மாநிலம் இது. இங்கே அந்த அதிகாரத்தை 'ஜீவத் தண்ணீர்' என்ற ஒரே தலைப்பில் ஆவிக்குரிய அர்த்தம் மட்டும் சொல்லி முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. அவளுடைய ஐந்து புருஷர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள், அந்தக் குடத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவதில்லை.

பணக் கணக்கும் இப்படித்தான். மத்தேயு 18-இல் ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ராஜா அதை மன்னித்துவிடுகிறார். அவனிடம் இன்னொருவன் நூறு தெனாரியம் கடன், அதை அவன் மன்னிக்கவில்லை. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். மாந்தோப்பில் காய் பறிக்கப் போகிறவர்களிடம் இதை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நூறு தெனாரியம் என்பது மூன்று நான்கு மாதக் கூலி, அடைக்கக்கூடிய கடன், சின்னத் தொகையும் இல்லை. பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலைக்குப் போனால் இரண்டு லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் சொன்னது எவ்வளவு வெற்றுப் பேச்சு என்று அப்போதுதான் உறைக்கும். மன்னிப்பின் அளவும் உறைக்கும்.

அந்தியோகியா இரண்டு, செசரியா இரண்டு, யாக்கோபுகள் பலர் என்று இன்னும் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. நம் வேதாகமங்கள் பலவற்றின் பின்பக்கத்தில் வரைபடம் இருக்கிறது, அதை யாரும் திறப்பதில்லை என்பதுதான் என் குறை. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியமும் வேதாகம அகராதியும் பல சபை அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கின்றன. மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி வருகிறது. மனப்பாட வசனப் போட்டிக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியை வரைபடத்துக்குக் கொடுங்கள். அதிகாரம், வசன எண் சொன்னதற்குக் கொடுக்கிற பரிசை, எரிகோ எங்கே என்று விரல் வைத்துக் காட்டுகிற பிள்ளைக்கும் கொடுங்கள். பிரசங்கம் செய்கிற அண்ணன்மாரும் ஐயாமாரும் அடுத்த முறை மகதலேனா மரியாளைப் பற்றிப் பேசும் முன் லூக்கா 7-இன் கடைசியையும் 8-இன் தொடக்கத்தையும் சேர்த்து ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

என் சார்ட் வரைபடத்தைப் பெரிய தாளில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் எந்தச் சபை ஞாயிறு பள்ளி கேட்டாலும் தருகிறேன், கத்தோலிக்கப் பங்குகளின் மறைக்கல்விக்கும் சேர்த்துத்தான். இன்பாக்ஸில் வாருங்கள்.