விரல் வைத்துப் படித்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை நம் நூலகத்தில் நடந்ததை இனிப் பேச வேண்டாம் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். வேகமாகப் படிக்கப் பயிற்சி கொடுக்க வந்தவர் நாற்பது பேர் முன்னால் அவள் கையைத் தட்டிவிட்டு, "இப்படிப் படித்தால் மூளை சோம்பேறியாகிவிடும்" என்றார். நிமிடத்துக்கு 1000 சொல் படிக்கலாமாம்.

படிக்க முடியாது. புரட்டலாம். நம் பார்வையில் எழுத்து கூர்மையாகத் தெரிவது சின்ன வட்டத்துக்குள்தான். கண் ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நின்று, தாவி, மறுபடி நின்றுதான் நகர்கிறது. 2019-இல் மார்க் பிரைஸ்பார்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 190 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆங்கிலத்தை மனசுக்குள் வாசிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம், கட்டுரை என்றால் நிமிடத்துக்கு 238 சொல், கதை என்றால் 260. அதுவும் ஆங்கிலச் சொல். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். அந்தக் கணக்கை அப்படியே தூக்கிவந்து இந்தப் பிள்ளை தலையில் வைக்கலாமா?

படித்த வரிக்குத் திரும்பிப் போகவே கூடாது என்றும் சொன்னார். 2014-இல் எலிசபெத் ஷாட்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர், திரும்பிப் பார்க்க முடியாதபடி சொற்களை மறைத்துச் சோதித்தார்கள். புரிதல் குறைந்தது. மனசுக்குள் கேட்கும் குரலும் அப்படித்தான். அதை அடக்கினால் கடினமான பத்தி பிடிபடாது.

என் அப்பா தறிக்காரர். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்தால் உதடு அசையும், விரல் நகரும், முடிக்க ஒரு மணி நேரமாகும். ஒருநாள் எதிரே இருந்தவர், "என்ன அண்ணே, எழுத்துக் கூட்டுறீங்களா?" என்று சிரித்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அப்புறம் கடையில் அவர் படித்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிப்பார். தறி நூலின் விலை என்றைக்கு எவ்வளவு ஏறியது என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் சொல்வார்.

"குரூப் 4 எழுதுகிறவனுக்கு நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். தேடுகிற தகவலுக்காகப் பக்கத்தை மேய்வது தேவைதான், நானும் செய்கிறேன். அதை வாசிப்பு என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். பரீட்சைக்குப் படிக்கிறவன் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைச் சொல்லிப் பார்க்கட்டும். அதுதான் நினைவில் நிற்கும்.

"அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை. கையைத் தட்டிவிட்டார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் எழுந்து கேட்கவில்லை.

அந்தப் பிள்ளையின் வீட்டாரைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள். அவள் பாதியில் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.