மேட்டூர் நிறைந்தால் எத்தனை நாளைக்கு வரும்?

மன்னார்குடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் இரண்டு மணி நேரம், அரசுப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பதினைந்து பேருடன் உட்கார்ந்து பேசி வருகிறேன். நான் ஆசிரியர் அல்லன். இதே தேர்வை மூன்றாம் முறை எழுதித் தேறி, இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்தவன். பொது அறிவையும் நடப்பு நிகழ்வுகளையும் நம் பிள்ளைகள் பயிலும் முறையில் ஒரு பிழை வேரூன்றிவிட்டது என்று சில காலமாகவே எனக்கு வருத்தம் உண்டு. அதைச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தைச் சென்ற மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி உறுதிப்படுத்தியது.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில், ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண், தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். "மேட்டூர் நிறைஞ்சுடுச்சாம்ல, இந்தத் தண்ணி எத்தனை நாளைக்கு வரும்? நீதான் படிக்கிறியே, சொல்லு பாப்போம்" என்று அவருடைய அப்பா கேட்டிருக்கிறார். "முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சிப்பா. முழு நீர்மட்டம் 120 அடி. 1934-ல கட்டி முடிச்சாங்க" என்று இவர் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறார். "அதெல்லாம் சரிம்மா, எத்தனை நாளைக்கு?" என்று அப்பா மறுபடியும் கேட்டதும் பதில் வரவில்லை. இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கியது.

அன்றைய பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டோம். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. அணையிலிருந்து வினாடிக்கு 10,000 கன அடி திறந்தால், ஒரு நாளின் 86,400 வினாடிகளில் 86.4 கோடி கன அடி வெளியேறும். 9,347 கோடியை 86.4 கோடியால் வகுத்தால் 108 நாள் வருகிறது. அணையை அடிவரை வடிக்க முடியாது, இடையில் நீர்வரத்தும் இருக்கும், ஆவியாகிப் போவதும் உண்டு. ஆனாலும் கணக்கின் அளவு பிடிபட்டுவிட்டது. குறுவை நெல் ஏறத்தாழ 105 முதல் 120 நாளில் அறுவடைக்கு வரும் பயிர் என்பது அங்கிருந்த பதினைந்து பேருக்கும் தெரியும். நிறைந்த ஓர் அணையும் ஒரு போகமும் ஏறக்குறைய சமம் என்று கரும்பலகையில் தெரிந்தபோது, பல ஆண்டுகளாக மனப்பாடமாக இருந்த அந்த எண் முதன்முறையாக அவர்களுக்குப் பொருள் தந்தது. அதே கணக்கில் திறனறிவுப் பகுதிக்கான பயிற்சியும் சேர்ந்துவிட்டது.

குரூப் 4 வினாத்தாளில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கு 25 என்று வினாக்கள் பிரிகின்றன. இவற்றில் பொது அறிவுக்குத்தான் எல்லாரும் அதிகம் அஞ்சுகிறார்கள். எல்லை இல்லாத கடல் போலத் தோன்றுவதே அந்த அச்சத்துக்குக் காரணம். அச்சம் வந்ததும் டெலிகிராம் குழுக்களில் வரும் ஒருவரி வினாக்களையும், மாதந்தோறும் வரும் பிடிஎஃப் தொகுப்புகளையும் சேர்த்துக் குவிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு நாளைக்கு நூறு வினா போட்டேன், நூற்றைம்பது போட்டேன் என்பதே உழைப்பின் அளவுகோலாகிவிடுகிறது. ஆனால் பழைய வினாத்தாள்களை எடுத்துப் பொறுமையாகப் பாருங்கள். கூற்று–காரணம், பொருத்துக, சரியான கூற்றுகளைத் தேர்ந்தெடுக்க என்று வரும் வினாக்களில், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பு தெரியாதவர் ஒருவரிகளை எவ்வளவு சேர்த்து வைத்திருந்தாலும் தடுமாறுவார்.

செய்தி என்பது பழைய பாடத்தின் புதிய பக்கம். அந்தப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளாமல் செய்தியை மட்டும் படிப்பதே நான் சொல்லும் பிழை. காவிரியையே எடுத்துக்கொள்கிறேன். "ஜூன் மாதத்துக்குரிய 9.19 டிஎம்சி நீரைக் கர்நாடகம் திறக்க வேண்டும்" என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று அது தொடர்கிறது. பன்னிரண்டு மாதங்களையும் கூட்டினால் 177.25 வரும். அதுதான் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டும் என்று சொன்ன அளவு. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் சொன்ன அளவோ 192. குறைந்த 14.75 டிஎம்சி எங்கே போயிற்று என்று கேட்டால், தமிழ்நாட்டின் நிலத்தடி நீரிலிருந்து 10, பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக 4.75 என்று தீர்ப்பிலேயே விடை இருக்கிறது. நம் மொத்தப் பங்கு 419-இலிருந்து 404.25 ஆனதும் அதே கழித்தல்தான். அந்த நடுவர் மன்றம் 1990-இல் எப்படி அமைந்தது என்று பின்னால் போனால் 1956-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டமும், அதற்கு அடித்தளமான அரசியலமைப்பின் 262-ஆவது பிரிவும் வந்து நிற்கும். இன்னும் பின்னால் போனால் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1924 ஒப்பந்தம். மேட்டூர் அணை எழுந்ததே அதன் பிறகுதான். ஒரே ஒரு செய்தியில் புவியியல், அரசியலமைப்பு, வரலாறு, கணக்கு நான்கும் அடங்கிவிட்டன. இதைத் தனித்தனியே இருபது ஒருவரிகளாக உடைத்துப் படித்தவருக்கு இருபதும் மறக்கும்; தொடர்ச்சியாகப் படித்தவருக்கு ஒன்று மறந்தாலும் மற்றொன்று இழுத்து வந்துவிடும்.

நான் படித்த காலத்தில் இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. ஒரு பயிற்சி மையத்தில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தேன். 2018 தீர்ப்பு வந்து பல மாதங்கள் ஆன பிறகும் அவர்களுடைய தேர்வுத் தாளின் விடைக்குறிப்பில் தமிழ்நாட்டின் பங்கு 419 என்றே இருந்தது. கேட்டபோது, "விடைக்குறிப்பில் உள்ளதைப் படியுங்கள்" என்றார்கள். ஒருவரி வினாவுக்குப் பிறந்த தேதி இல்லை; எந்த ஆண்டு எழுதப்பட்டது, இடையில் எது மாறியது என்று அதில் தெரியாது. மாறாத பொது அறிவு என்று நாம் நினைப்பதும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32 என்றும் 37 என்றும் அச்சிட்ட தாள்கள் இன்றும் கையிலிருந்து கைக்குச் சுற்றுகின்றன. 2020 டிசம்பரில் நம் பக்கத்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகி 38 ஆனதை மயிலாடுதுறைப் பிள்ளையே தவறவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 12 என்ற தேதியும் அப்படித்தான். மேட்டூர் திறக்கும் நாள் என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். ஆனால் 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் தென்மேற்குப் பருவமழைக்குப் போக வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளை நிறைத்த பிறகே நமக்கு வருகிறது. குறுவைக்கு அந்த மழை, அடுத்த நெல் போகங்களான சம்பாவுக்கும் தாளடிக்கும் பெரிதும் வடகிழக்குப் பருவமழை. இதை டெல்டாவில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு எந்தப் புத்தகமும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் தெரிந்தது தேர்வுக்கு உதவாது என்ற எண்ணத்தை எப்படியோ அவர்கள் மனத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

விருதுகள், விளையாட்டு, நியமனங்கள் ஆகியவற்றுக்கு ஒருவரிக் குறிப்பு போதும், அவற்றை மறுக்கவில்லை. மற்றவற்றுக்கு எங்கள் குழுவில் வாரத்துக்கு மூன்று செய்திகளை மட்டும் எடுக்கிறோம். நாளிதழ் நூலகத்தில் கிடைக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களில் உரிய பாடத்தைத் தேடிப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். இதற்கு முன் இருந்த நிலை என்ன, மாற்றியவர் யார், எந்தச் சட்டத்தின்கீழ் என்று எழுதுகிறோம். பிறகு அவரவரே இரண்டு கூற்று–காரண வினாக்களைத் தயாரித்து மற்றவரிடம் கொடுக்க வேண்டும். வினா தயாரிக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது வெளிப்படுகிறது. வயல் வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போய்விட்டு இரவில் படிப்பவர்களுக்கு இது எளிதன்று என்பதை அறிவேன். ஆனால் நேரம் குறைவாக உள்ளவர்கள்தான், மறந்துபோகும் படிப்பில் அதைச் செலவழிக்கக் கூடாது.

அந்தப் பெண் 108 நாள் கணக்கை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டுவிட்டு, "மேட்டூர்ல தொறந்தா ஆச்சா? கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரியுதே; நம்ம வெண்ணாத்துக்கு எவ்வளவு, முறை வச்சு விட்டா நம்ம வாய்க்காலுக்கு எத்தனை நாள்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அதையே எடுத்திருக்கிறோம். கேள்வி கேட்டவரையும் வகுப்புக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.