முதல் வாசிப்புக்கு லென்ஸ் வேண்டாம்

போன் கேமரா வழியே மொழிபெயர்க்கும் கூகுள் லென்ஸைப் புத்தகத்தின் மேல் பிடித்தால் ஜெர்மன் எழுத்து கரைந்து, அதே இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஊர் சுற்றப் போகிறவருக்கு அது வரம். ஜெர்மன் வாசிக்கப் பழகுகிறவருக்குக் கெடுதல் என்றே நினைக்கிறேன். பக்கம் முடிந்துவிடும், கேள்விக்கு விடையும் எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட வாசித்திருக்க மாட்டார்கள்.

பெங்களூரில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். திறன் பணியாளர்களுக்காக இந்தியர்களுக்குத் தரும் விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. இப்போது வகுப்பில் அல்சூர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஓசூரிலிருந்து பஸ் ஏறி வரும் நர்ஸுகளும் இருக்கிறார்கள். பலர் தமிழ் மீடியம். அவர்கள் எழுதப்போகும், கோத்தே நிறுவனம் நடத்தும் இடைநிலை ஜெர்மன் தேர்வான பி1-இல் வாசிப்புக்கு 65 நிமிடம், ஐந்து பகுதிகள். போன், அகராதி எதுவும் கூடாது. 100-க்கு 60 எடுத்தால்தான் பாஸ்.

இந்தப் பிள்ளைகளிடம் ஒரு பெரிய பலம் இருக்கிறது. ஜெர்மனில் துணை வாக்கியத்தின் (பெரிய வாக்கியத்தைச் சார்ந்து வரும் சிறு வாக்கியத்தின்) வினை கடைசியில்தான் வரும். வினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது தமிழ் படித்தவர்களுக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். ஆனால் செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகத்தான் ஜெர்மனைக் காட்டுகின்றன. இயல்பாகப் புரியவேண்டிய வாக்கியத்தை இன்னொரு மொழிக்குள் புகுந்து வெளியே வரச் செய்கிறோம். "ஆங்கிலம்தான் மேடம் புரியல, ஜெர்மன் பரவாயில்ல" என்று ஒரு பெண் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அவள்மேல் இல்லை.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பில் முதல் வாசிப்பு போன் இல்லாமல். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். அவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே செய்தி எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். இரண்டாவது முறை காதில் ஹெட்போன். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே நிதானமாக வாசித்துத் தரும் செய்திகளுக்கு எழுத்து வடிவமும் உண்டு, இலவசம். குரல் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியம் பிரிகிறது. வரியின் கீழ் விரலை ஓட்டிக்கொண்டே கேட்கச் சொல்கிறேன். எழுத்துக் கூட்டித் தடுமாறியவர்கள் சொற்களைக் கொத்துக் கொத்தாக எடுக்கத் தொடங்குவது நேராகவே தெரிகிறது. மூன்றாவது முறை அகராதியைத் தட்டலாம், அதுவும் சொல்லுக்குத்தான், முழு வாக்கியத்துக்கு இல்லை.

அப்போதும் பத்துச் சொல்லுக்கு மூன்று சொல் தட்ட வேண்டியிருந்தால் பாடம் கடினம், பிள்ளை மக்கு இல்லை. மொழி கற்றலை ஆராயும் ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையை யார் உதவியும் இல்லாமல் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதனால் இன்னும் எளிய பாடத்துக்கு இறங்க வேண்டும். டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி எளிய ஜெர்மனில் வாராவாரம் செய்தி தருகிறது, கடினமான சொற்களுக்கு விளக்கத்தோடு. இதை விட்டுவிட்டு, சாட்ஜிபிடியிடம் 'எளிமையாக்கு' என்று சொல்லி வருவதை அப்படியே அச்செடுத்துக் கொடுக்கும் வகுப்புகளைப் பார்க்கிறேன். மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், சில சமயம் செய்தியின் பாதியே காணாமல் போயிருக்கும்.

எனக்கு அதிகம் உதவியது சாதாரண கூகுள் டாக்ஸ்தான். முந்தின நாள் இரவே பாடத்தைப் போட்டுவிட்டு, தடுக்கின இடத்தில் ஒரு கமென்ட் மட்டும் வைக்கச் சொல்வேன், தமிழிலேயே. வகுப்பில் வாயே திறக்காத பெண் அங்கே நாலு கேள்வி கேட்கிறாள். காலையில் திறந்தால் ஒரே வரியில் ஏழெட்டுப் பேர் சிக்கி நிற்பது தெரியும், வகுப்பை அந்த வரியிலிருந்தே தொடங்கிவிடலாம்.

இந்தத் தமிழ்க் கமென்ட்களைச் சேர்த்தாலே ஒரு நல்ல குறிப்பேடு கிடைக்கும். பெங்களூரில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தொடக்க நிலையான ஏ1 பாடங்களுக்கு மட்டுமாவது தமிழில் குறிப்பு எழுதிப் பொதுவில் வைப்போம். நான் முதல் நாலு பாடங்களை எடுத்துக்கொள்கிறேன். மிச்சத்துக்கு யார் வருகிறீர்கள், கீழே சொல்லுங்கள்.