உதகைக்குக் காரில் போவதை விடுத்து இரவு ரயிலில் போவோம்

கோடை விடுமுறை நெருங்கும்போது உதகைக்குச் செல்லத் திட்டமிடும் சென்னை நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் சாலை வழியாகக் காரை ஓட்டிச் செல்வது நல்லது என்பதைத்தான். சேலம், அவிநாசி வழியாக மேட்டுப்பாளையம் சென்று ஏறுவதா, மைசூரு சென்று கூடலூர் வழியாக ஏறுவதா என்று நீண்ட நேரம் விவாதிக்கிறார்கள். காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணியை ஒட்டிப் புறப்பட்டு மேட்டுப்பாளையம் வரை செல்லும் நீலகிரி விரைவு ரயிலில் ஏறுங்கள் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் பதில். இதை ஒரு ரசனைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மலையின் இன்றைய நிலையைப் பார்த்த பிறகு, சமவெளியிலிருந்து செல்லும் நம் ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது என்று நம்புவதால் சொல்கிறேன்.

மலை எவ்வளவு வாகனங்களைத் தாங்கும் என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றுவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் அந்தக் கட்டுப்பாடு மேலும் இறுகியது. நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. இதை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடைகளை அடைத்துப் போராடினார்கள். அவர்களுடைய அச்சம் எனக்கு முழுமையாகப் புரிகிறது. ஆண்டின் இரண்டு மாத வருமானத்தை நம்பி மீதி மாதங்களைக் கடத்தும் தேநீர்க் கடைக்காரருக்கும் சிறிய விடுதி நடத்துபவருக்கும் சுற்றுலாப் பயணிகளின் வரவு குறைவது பிழைப்புக்கே வரும் ஆபத்து.

ஆனால் அந்த வரம்பு வாகனங்களுக்குத்தான் விதிக்கப்பட்டது, மனிதர்களுக்கு விதிக்கப்படவில்லை. அரசுப் பேருந்தில் வருபவரையோ ரயிலில் வருபவரையோ அது தடுக்கவில்லை. புதிய வகை ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 80 படுக்கைகள் இருக்கின்றன. அந்த 80 பேரும் நான்கு பேருக்கு ஒரு கார் என்று புறப்பட்டிருந்தால் 20 கார்கள் பர்லியாறு தாண்டிக் குன்னூர் மலைப்பாதையில் ஏறியிருக்கும். மாலையில் உதகையின் சேரிங்கிராஸ் பகுதியில் நிறுத்த இடம் தேடி அலைந்திருக்கும். ரயிலில் வந்து இறங்கும் குடும்பமும் அதே விடுதியில்தான் தங்குகிறது, அதே கடையில்தான் வர்க்கியும் தைலமும் வாங்குகிறது. அதற்கு மேல், ஊர் சுற்றிப் பார்க்க உள்ளூர் வாடகை வண்டியை அழைக்கிறது. ஆகவே டிஎன் 43 என்று தொடங்கும் நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டியை ஓட்டிப் பிழைக்கும் உள்ளூர் இளைஞருக்கும் வேலை கிடைக்கிறது. வணிகர்களும் மலையை நேசிப்பவர்களும் ஒரே பக்கம் நின்று கேட்க வேண்டிய கோரிக்கை ரயில்தான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பயணிகளின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரவு ரயிலுக்கு ஈடு இல்லை. சென்னையிலிருந்து உதகை சாலை வழியாக ஏறத்தாழ 550 கிலோமீட்டர். ஒரு முழுப் பகல் அந்தப் பயணத்திலேயே போய்விடும். அதைத் தவிர்க்க நினைத்து நள்ளிரவில் காரை எடுக்கிறவர்களைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு நெடுஞ்சாலையில் கண் அயர்ந்த ஓட்டுநரால் நேர்ந்த விபத்து என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்? விபத்து எதுவும் நேராவிட்டாலும், வண்டி ஓட்டியவர் முதல் நாளைத் தூக்கத்தில் கழிக்கிறார். மூன்றாம் நாளே திரும்பிச் செல்லும் ஓட்டத்தை எண்ணிக் களைப்படைகிறார். குடும்பத்தில் ஒருவர் மற்ற அனைவருக்காகவும் உழைத்துக்கொண்டிருக்கும் விடுமுறையை முழுமையான விடுமுறை என்று சொல்ல முடியாது.

பகலில் வேகமாகச் செல்லும் ரயில் இருக்கிறதே என்று கேட்கலாம். 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட சென்னை–கோவை வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் கோவையை அடைகிறது, பாராட்டுக்குரிய சேவை. ஆனால் பிற்பகலில் சென்னையிலிருந்து புறப்பட்டு இரவு எட்டு மணி கடந்து கோவையில் இறங்கும் குடும்பம், அந்த நேரத்தில் மலையேற முடியாமல் கோவையில் அறை எடுக்க வேண்டியிருக்கிறது. விமானமும் கோவையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மலைக்குச் செல்ல மறுபடியும் ஒரு கார் வேண்டும். நீலகிரி விரைவு ரயில் மட்டுமே, நாம் உறங்கும் நேரத்தையே பயண நேரமாக்கி, காலை ஆறு மணி கடந்து மலையின் அடிவாரத்திலேயே நம்மை இறக்கிவிடுகிறது.

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ரயிலை வேண்டாம் என்று சொல்பவர்கள் பலர் அதில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வண்டி புறப்பட்டு அரக்கோணம் வருவதற்குள் பொட்டலங்கள் திறக்கப்படுகின்றன. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, தயிர்சாதம் என்று ஒவ்வொரு வீட்டின் வாசமும் அந்தப் பெட்டியில் கலக்கிறது. பிறகு படுக்கைப் பேச்சுவார்த்தை தொடங்குகிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு மேல் படுக்கை கிடைத்திருக்கும். கீழ்ப் படுக்கை கிடைத்த கல்லூரி மாணவர் கேட்பதற்கு முன்பே எழுந்து மாற்றிக்கொள்வார். ஒருவர் நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டினால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் அனைவரும் படுத்தாக வேண்டும் என்பதால், எத்தனை மணிக்கு உறங்குவது என்பதை அறிமுகமில்லாத எட்டுப் பேர் பேசி முடிவு செய்கிறார்கள். மாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வாழும் நம் பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். சேலமும் ஈரோடும் அரைத் தூக்கத்தில் கடந்து போகின்றன. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்காக வருபவர்கள் சத்தமில்லாமல் இறங்கிப் போகிறார்கள். கோவையில் பெட்டி பாதி காலியாகிவிடும். அதன் பிறகு காரமடை வழியாக மேட்டுப்பாளையம் வரை செல்லும் கடைசிப் பகுதிதான் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி. வாழைத் தோட்டங்களுக்கும் பாக்கு மரங்களுக்கும் பின்னால், இருட்டு விலக விலக, நீலகிரி முழு உயரத்தில் எழுந்து நிற்பதைச் சன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் காத்திருக்கிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் போடப்பட்ட 46 கிலோமீட்டர் பாதை அது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறு நிலையத்தைக் கடந்ததும் தண்டவாளங்களின் நடுவில் பற்சட்டம் தொடங்குகிறது. என்ஜினின் பற்சக்கரம் அதில் பதிந்து ஏற, ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற செங்குத்தான சரிவில், பின்னாலிருந்து நீராவி என்ஜின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. குன்னூரில் பற்சட்டம் முடிந்து, டீசல் என்ஜின் பொறுப்பேற்கிறது. கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் அளவில் இருக்கும் அடிவாரத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. அந்த நிதானத்தைக் குறையாக எண்ணுகிறவர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுத்துத் துவண்டு விழுவதை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

காலை 7.10 மணிக்குப் புறப்படும் அந்த மலை ரயிலில் இடம் மிகக் குறைவு என்பதையும், வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் சேவை நாள்கணக்கில் நின்றுவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது. இடம் கிடைக்காவிட்டால் பயணத் திட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பேருந்து நிலையத்திலிருந்து குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் அரசுப் பேருந்துகள் செல்கின்றன. திரும்பும்போது பிற்பகலில் உதகையிலிருந்து இறங்கும் மலை ரயில் மாலையிலேயே அடிவாரத்தை அடைந்துவிடுகிறது, சென்னை வண்டியோ இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான். இடைப்பட்ட நேரத்தில் குழந்தைகளோடு காத்திருப்பவர்களுக்கு நல்ல காத்திருப்பு அறையும் உணவும் அங்கே கிடைத்தாக வேண்டும்.

இரவு ரயிலின் உண்மையான குறைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. நள்ளிரவுக்குள் கழிவறை பயன்படுத்த முடியாதபடி ஆகிவிடுவது பெண்களுக்கும் முதியவர்களுக்கும் பெரும் துன்பம்; ரயில்வே 139 என்ற உதவி எண்ணைக் கொடுத்திருக்கிறது, ஆனால் ஓடும் வண்டியில் துப்புரவுப் பணியாளர் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அதைவிட என்னை வருத்துவது பயணச்சீட்டு கிடைக்காமைதான். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால்தான் தொடங்குகிறது. மே மாத வெள்ளிக்கிழமை இரவுக்கான படுக்கைகள் மிக விரைவில் தீர்ந்து, மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலோடும் தட்கலோடும் போராடுகிறார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் இரண்டு பேருக்கு உறுதியாகி இரண்டு பேருக்கு உறுதியாகாத சீட்டை வைத்துக்கொண்டு யாராலும் விடுமுறையைத் திட்டமிட முடியாது. அந்தக் குடும்பம் காரை எடுப்பதில் வியப்பில்லை.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாட்டின் பல விரைவு ரயில்களில் ஸ்லீப்பர் பெட்டிகளைக் குறைத்து மூன்றடுக்கு ஏசி பெட்டிகளைச் சேர்க்கும் போக்கு வளர்ந்துவருகிறது. ஏசி பெட்டி கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் அரசு அலுவலகக் கடைநிலை ஊழியரும், தையல் வேலை செய்யும் பெண்ணும் பிள்ளைகளுக்கு மலையைக் காட்ட முடிகிறதென்றால் அதற்கு ஸ்லீப்பர் கட்டணமே காரணம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையும் இன்னும் திரும்பவில்லை. தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்ல நினைக்கும் குடும்பத்தின் கணக்கில் அது பெரிய தொகை. எளியவர்களுக்கு எட்டாத ரயிலை வைத்துக்கொண்டு, காரில் வராதீர்கள் என்று யாரிடம் சொல்ல முடியும்?

இ-பாஸ் வழங்கும் அரசும் ரயிலை இயக்கும் தெற்கு ரயில்வேயும் ஒரே மேசையில் அமர்ந்து கோடைக்குத் திட்டமிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரண்டாவது இரவு ரயில் ஒன்று, ஸ்லீப்பர் பெட்டிகள் மிகுதியாக, முன்பதிவு தொடங்கும் நாளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டு ஓட வேண்டும். காலையில் வண்டி நின்றதும் நிலைய வாசலிலேயே மலைப் பேருந்துகள் தயாராக நிற்க வேண்டும்; ரயில் சீட்டோடு அந்தப் பேருந்துச் சீட்டையும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதியும் வேண்டும். தென் மாவட்ட ரயில்கள் நிற்கும் கொடைக்கானல் ரோடு நிலையத்திலிருந்து கொடைக்கானலுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். அடுத்த கோடைக்கான முன்பதிவு பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிடும் என்பதால், இதற்கான முடிவைப் பொங்கலுக்குள் எடுத்தால்தான் பயன் இருக்கும். நீலகிரி, கோவை, சென்னை மக்களவை உறுப்பினர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் இதை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒத்த கருத்துள்ள நண்பர்களும் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.