கல்லுக்குக் கையெழுத்துப் போடாதவன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனை மண்டபத்தில் ஒரு மனு கைமாறி வந்தது. கடலரிப்பால் வீடுகளுக்கு ஆபத்து, உடனடியாகக் கூடுதலாகக் கருங்கல் கொட்டித் தர வேண்டும் என்று நாலே வரி. எல்லோரும் போட்டுக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தபோது படித்துவிட்டு அப்படியே அடுத்தவரிடம் நீட்டினேன். "இன்னா சார், பேனா எழுதலையா?" என்றார். பேனா எழுதும், நான்தான் எழுதவில்லை என்றேன். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. "உன் வூடு ரோட்டுக்கு மேற்கால கீது. நீ ஏன் போடப்போற?"

அந்தக் கேள்வி நியாயமானது. அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்னது உண்மைதான். வடசென்னையில், திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து மேற்கே உள்ளே வந்தால் நான்காவது வீடு என்னுடையது. கீழே நாங்கள், மாடியில் இரண்டு குடித்தனம். அந்த வாடகையில்தான் மகன் படிப்பு ஓடியது. ஆனால் எங்கள் ஆயாவின் வீடு சாலைக்குக் கிழக்கே இருந்தது. இப்போது அந்த வீடும் இல்லை, அது நின்ற மண்ணும் இல்லை. பத்திரம் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்த முத்திரைத்தாள். நான்கெல்லை எழுதியிருப்பார்கள் இல்லையா, அதில் மேற்கே பாட்டை, தெற்கே சந்து, வடக்கே இன்னொருவர் மனை, கிழக்கே தென்னந்தோப்பு. கடல் என்ற சொல்லே அந்தப் பத்திரத்தில் கிடையாது. தோப்புக்கு அந்தப் பக்கம் வலை காயப்போடும் மணல், அதற்கும் அந்தப் பக்கம்தான் கடல். நைனா சொல்வார், சின்ன வயதில் மத்தியான வெயிலில் கடலுக்கு ஓடினால் பாதி வழியில் உள்ளங்கால் பழுத்துவிடுமாம். நடுவில் ஒரு பூவரசு உண்டு. அதன் நிழலில் நின்று காலை ஆற்றிக்கொண்டு மறுபாதி ஓடுவார்களாம்.

தோப்பு நான் பிறப்பதற்கு முன்பே போயிற்று. ஆயா வீட்டுத் திண்ணை போனது எனக்கு எட்டு வயதில், ஒரு கார்த்திகை மாத ராத்திரி. யாரும் அலறவில்லை. பித்தளைத் தவலை, அம்மி, சாமி படம் என்று ஒவ்வொன்றாகச் சாலைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மி கனம் என்று கடைசியில்தான் எடுத்தார்கள். அந்த அம்மி இன்றும் என் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது. மருமகள் மிக்சியில்தான் அரைக்கிறாள், அது வேறு விஷயம்.

இந்தக் கடல் திடீரென்று கோபம் கொண்டு வந்துவிடவில்லை. நம் கரையோரத்தில் வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். கடலுக்குப் போகிறவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது திரும்பி வடக்கிலிருந்து தெற்கே வரும். போகிற மணல் அதிகம், வருகிற மணல் கொஞ்சம். ஆக, கணக்குப் பார்த்தால் மணல் எப்போதும் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881-இல் அடித்த புயலில் அதில் பெரும்பகுதி இடிந்து, மறுபடி கட்டினார்கள். அன்றிலிருந்து வடக்கே போகவேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் ஓரம் வரை வந்த அலை இன்று எங்கே இருக்கிறது பாருங்கள். மெரினாவில் சாலையில் இறங்கி அலையைத் தொடுவதற்குள் பாதி பஜ்ஜி தீர்ந்துவிடும். அந்த மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் வந்திருக்க வேண்டிய மணல். குழந்தைகளைக் காணும் பொங்கலுக்கு மெரினாவுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் ஆயா வீட்டுத் திண்ணை இங்கே எங்கோ கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். சுண்டலைச் சாப்பிடுங்க என்றாள்.

சரி, கல்லுக்கு வருகிறேன். ஒரு இடத்தில் கரை உடைகிறது, ஜனம் சாலையில் உட்கார்கிறது, லாரியில் பாறாங்கல் வருகிறது. அந்த மழைக்காலத்துக்கு அந்த இடம் தப்பிக்கிறது. ஆனால் அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடியில் இருக்கிற மணலை வாரிக்கொண்டு போகிறது. கல்லுக்கு முன்னால் ஆழம் கூடுகிறது, கல் சரிகிறது, மறுபடி லாரி. அந்தக் கற்சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே இருக்கிற குப்பம் அடுத்ததாக உடைகிறது. அவர்கள் சாலையில் உட்கார்கிறார்கள். இப்படியே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒவ்வொரு குப்பமாக நாம் அரிப்பைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் தடுப்பு, வேறு வகை. சென்னை ஐஐடி வடிவமைப்பில் ராயபுரத்துக்கு வடக்கே வரிசையாகப் போட்ட வளைவுகளுக்கு நடுவில் சில இடங்களில் மணல் சேர்ந்ததை நானே பார்த்தேன். பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆனால் வளைவும் மணலை உண்டாக்குவதில்லை, வருகிற மணலைப் பிடித்து வைக்கிறது. அதைத் தாண்டி வடக்கே இருப்பவனுக்கு அதே பட்டினிதான்.

கல் வந்ததும் இன்னொன்று போனது. ஃபைபர் படகைக் கல்மேல் ஏற்ற முடியாது. வலை காயப்போட மணல் இல்லாததால் விரைவுச் சாலையின் ஓரத்தில் வலை காய்கிறது, பக்கத்திலேயே கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போகிறது. அதைப் பார்த்து எங்கள் சாலைக்கு மேற்குப்புறத்து வீட்டுக்காரர்கள் சிலர் "இவங்களை எல்லாம் காலி பண்ணினாத்தான் ஏரியா உருப்படும், மனை விலையும் ஏறும்" என்று பேசுகிறார்கள். வாட்ஸ்அப்பில் கூச்சமே இல்லாமல் எழுதுகிறார்கள். ஐயா, நமக்கும் கடலுக்கும் நடுவில் அவர்கள் இருக்கிறவரைதான் நாம் மேற்கு. அவர்கள் போனால் நாம்தான் கிழக்கு.

மனை விலை என்றதும் ஞாபகம் வருகிறது. திருவான்மியூரைத் தாண்டினால் 'கடல் பார்த்த வீடு' என்று விளம்பரம் போட்டுக் கோடிக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அதே வங்காள விரிகுடாதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டை விற்க வந்த தரகர், வாங்குகிறவர் வரும்போது டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னார். அலைச்சத்தம் கேட்டால் பேரம் பத்து லட்சம் இறங்குமாம்.

நானும் இன்னொரு மாடி எடுக்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். பட்டா இருந்தது, முப்பது வருஷ வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. மதிப்பீட்டுக்கு வந்த இன்ஜினியர் மொட்டை மாடியில் ஏறி நின்று கிழக்கே பார்த்தார். ஒன்றும் பேசாமல் இறங்கிவிட்டார். கடன் வரவில்லை. அப்புறம் ஒரு இடைத்தரகர் வந்து, கடலிலிருந்து 500 மீட்டருக்குள் எதுவுமே கட்டக்கூடாது, ஆனால் தன்னிடம் வழி இருக்கிறது, இவ்வளவு ஆகும் என்றார். இது பலரிடம் நடக்கிற ஏமாற்று. 500 மீட்டர் என்பது கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின், அதாவது கட்டுவதற்குத் தனி விதிகள் உள்ள பகுதியின் எல்லை, தடையின் எல்லை இல்லை. நம்மைப் போல ஏற்கெனவே ஊராகிவிட்ட பகுதியில், இருக்கிற சாலைக்கு மேற்கே, விதிகளுக்கு உட்பட்டுக் கட்டலாம். மத்திய அரசின் 2019 ஜனவரி அறிவிக்கையில் சொந்தக் குடியிருப்புக்கு 300 சதுர மீட்டர் வரை, அதாவது 3,200 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே, உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம் என்று இருக்கிறது. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் எத்தனை பேர் தரகருக்குப் பணம் அழுதிருக்கிறோம்! சாலைக்குக் கிழக்கே இருக்கிறவர்கள் பாடு இவ்வளவு எளிதில்லை. அக்காவின் கோபம் அதனால்தான் எனக்குப் புரிகிறது.

வரியும் தண்ணீரும் தனியாக எழுத வேண்டியவை. 2011-இல் நம் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது, 2022-இல் சொத்து வரி ஏறியது, கொடுக்கிறோம். நல்ல தண்ணீர் ஓடை குப்பம் என்று ஒரு பெயரை நம் ஊரில் வைத்துக்கொண்டு, கிணற்றில் இறைத்தால் உப்பு. கம்பி துருப்பிடித்துத் தளம் பொரிந்து விழுவதற்கு வருஷா வருஷம் நான் செய்கிற செலவை யாரும் வரியில் கழிப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் கறுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுவாரமே என் மாடிக் குடித்தனம் ஒன்று காலி செய்துகொண்டு அம்பத்தூர் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நாமும் யோக்கியமில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது இடிபாட்டை எங்கே கொட்டினோம்? கல்லுக்குப் பின்னால்தான். 'அரிப்புக்குத் தடுப்பு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டோம். நானும் இரண்டு நடை கொட்டியிருக்கிறேன்.

அப்படியென்றால் என்னதான் கேட்கச் சொல்கிறாய் என்பீர்கள். மணல் கேட்போம். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டிய பிறகு ஊருக்கு முன்னால் இருந்த கடற்கரையே காணாமல் போனது. முப்பது வருஷம் அவர்களுக்கும் பாறாங்கல்தான் கடற்கரை. அப்புறம் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது, மணலும் கொண்டுவந்து போட்டார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணல் வந்தது. இன்று அங்கே பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள். அதே நிறுவனம் நம் சென்னையில், பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. அங்கே செய்ததை அப்படியே இங்கே இறக்கலாம் என்று சொல்லவில்லை, நம் கரை நீளம், நடுநடுவே துறைமுகங்கள். ஆனால் துறைமுகங்களில் தூர்வாருகிற மணலில் நல்ல மணலை ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டாமல் நம் கரைக்குத் தரச் சொல்வதில் என்ன தப்பு? காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை குப்பம் குப்பமாகப் பார்க்காமல் ஒரே கரையாகத் திட்டம் போடச் சொல்வதில் என்ன தப்பு?

பணமும் இல்லாமல் இல்லை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை, நாடு முழுவதும் கடலரிப்பு, ஆற்றரிப்பைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும், அரிப்பில் இடமிழந்தவர்களை மறுபடி குடியமர்த்த 1,000 கோடியும் தனியாக ஒதுக்கச் சொன்னது. புயலில் வீடு போனால் நிவாரணம், அரிப்பில் போனால் தலைவிதி என்று இருந்த நிலைமை காகிதத்திலாவது மாறியது. எங்கள் ஆயாவுக்கு அன்று கிடைத்தது சாலையில் நின்ற ஒரு மாட்டுவண்டி மட்டும்தான், அதுவும் வாடகைக்கு.

அக்கா, உங்கள் வீட்டுக்கு முன்னால் சரிந்து கிடக்கிற கல்லை இந்த மழைக்கு முன்னால் எடுத்துக் கட்டவேண்டும் என்று எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ராத்திரி அலை உங்கள் கதவைத் தட்டுகிறது, என் கதவை இல்லை. அந்த ஒரு வரியோடு மனு நின்றுவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நின்றால் அடுத்த கார்த்திகைக்கு எர்ணாவூர்க்காரர்கள் இதே மனுவை எழுதுவார்கள்.

மறுபடி எழுதிய மனுவைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். படித்துப் பாருங்கள், தப்பு இருந்தால் அடித்து எழுதுங்கள். கூடவே ஒரு வேலை. கரை எங்கே இருந்தது என்று கேட்டால் நம்மிடம் காட்ட வரைபடம் இல்லை, ஆனால் பத்திரம் இருக்கிறது. தாத்தா, ஆயா காலத்துத் தாய்ப்பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் தேடி எடுங்கள். முழுப் பத்திரம் யாரும் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். கிழக்கெல்லை எழுதியிருக்கிற அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்து மனுவோடு சேர்த்துக் குத்துங்கள். என்னுடையதை முதலில் வைத்துவிட்டேன். கிழக்கே தென்னந்தோப்பு.