புதுச்சேரிப் பதிவெண் இருந்தால் தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டாமா?

வாகன வரி குறைவான புதுச்சேரியில் பல கோடி ரூபாய் மதிப்புள்ள சொகுசுக் காரைப் பதிவு செய்துவிட்டால், அதைத் தமிழ்நாட்டில் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் வரியின்றி ஓட்டலாம் என்றும், அது முழுக்கச் சட்டபூர்வமானது என்றும் ஒரு தகவல் பரவி வருகிறது. இது தவறு.

புதுச்சேரியில் வாகன வரி குறைவு என்ற பகுதி மட்டுமே உண்மை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதத்தின்படி, 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய காருக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு; அதாவது 4 கோடி ரூபாய் காருக்கு 80 லட்சம் ரூபாய். இந்தத் தொகையைத் தவிர்க்கும் ஆசையே வதந்திக்கு உரமாகிறது.

ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 40ஆம் பிரிவில், உரிமையாளரின் வசிப்பிடமோ தொழிலிடமோ அமைந்து, வாகனம் வழக்கமாக நிறுத்தப்படும் மாநிலத்திலேயே அதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சென்னையில் வாழ்பவர் புதுச்சேரியில் ஒரு வாடகை முகவரியைக் காட்டிப் பதிவு செய்வது வரிச் சேமிப்பு அன்று, பொய்யான ஆவணம் அளிப்பதாகும். கேரளத்தில் 2017இல் இத்தகைய சொகுசுக் கார்ப் பதிவுகள் குற்ற வழக்குகளாகவே மாறின.

உண்மையாகவே புதுச்சேரியில் வசித்துப் பின்னர் இடம்பெயர்ந்தவருக்கும் விலக்கு இல்லை. வாகனம் 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால், 47ஆம் பிரிவின்படி, பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றை (என்.ஓ.சி.) பெற்று, புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பித்து, வாகனத்தின் வயதுக்கேற்பக் குறையும் வரியைச் செலுத்தியாக வேண்டும்.