சோஸ்ட் எங்கள் ஊர்

"எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் தடுமாறுவேன். அப்பாவின் ஊரைச் சொல்வதா, நான் வளர்ந்த ஊரைச் சொல்வதா? இப்போது தயக்கமில்லை. சோஸ்ட். ஜெர்மனியில் வெஸ்ட்பாலியாப் பக்கம். ஜெர்மன் எழுத்தில் அந்தப் பெயரில் 'ஓ'வை அடுத்து ஒரு 'ஏ' நிற்கும். அதை உச்சரிக்கக் கூடாது, ஓவை நீட்டத்தான் அது. நம் துணைக்கால் மாதிரி. பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது.

1987 ஒக்டோபரில் இரவோடு இரவாக வந்து இறங்கினோம். எனக்கு ஆறு வயது. காலையில் ஜன்னலைத் திறந்த அம்மா, "கோயில் முழுக்கப் பாசி பிடிச்சுக் கிடக்கு" என்றார். பாசி இல்லை, கல்லே பச்சை. குளோக்கோனைட் என்ற கனிமம் கலந்த மணற்கல். தேவாலயங்கள், நகர மதில் என்று எங்கு திரும்பினாலும் அதே கல்தான். மழையில் நனைந்தால் பச்சை இன்னும் கருக்கும். அவ்வளவு வடிவு! ஆனால் மென்மையான கல், காற்றுக்கும் மழைக்கும் உதிரும். நான் பள்ளிக்குப் போன காலத்தில் வீசன்கிர்ஹ தேவாலயத்தைச் சாரம் இல்லாமல் பார்த்த நினைவே இல்லை. உதிர்ந்த கல்லை எடுத்துவிட்டுப் புதுக்கல்லைச் செதுக்கி வைத்துக்கொண்டே இருப்பார்கள்.

அதே தேவாலயத்தில் 1500 வாக்கில் செய்த ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. இயேசுவின் கடைசி இராப்போசனம். மேசையில் இருப்பதோ வெஸ்ட்பாலியாச் சாப்பாடு: பன்றித்தொடை, பியர், கறுப்புப் பாண், அதாவது ரொட்டி. முதன்முதலில் பார்த்தபோது அம்மா, "தாங்கள் சாப்பிடுறதைத்தானே சாமிக்கும் படைப்பினம்" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு இந்த ஊர் அந்நியமாக இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கறுப்புப் பாண்தான் பம்பர்நிக்கல், ரை என்ற தானியத்தில் செய்து மணிக்கணக்காக வேகவைப்பது. அப்பா அதை உறைப்பான கட்டைச் சம்பலோடு சாப்பிடுவார். யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுக் கண் கலங்கினார், உறைப்பில்.

அப்புறம் கிர்மெஸ், ஊரின் ராட்டினத் திருவிழா. நவம்பர் 1 சகல புனிதர் நாள். அதை அடுத்த புதன்கிழமை தொடங்கி ஐந்து நாள், பழைய நகரத்தின் நடுவிலேயே ராட்டினங்களும் கடைகளும் வந்துவிடும். மரச்சட்ட வீடுகளுக்கு இடையே ஒரு சந்து கிடைத்தால் போதும், அதில் ஒரு கடை முளைக்கும். சீனி போட்டு வறுத்த பாதாம் வாசம் படுக்கையறை வரை வரும். ராட்டினத்தில் மேலே போனால் பத்ரோக்லி தேவாலயத்தின் பெரிய கோபுரம் தெரியும். கிர்மெஸ் என்ற சொல்லே தேவாலயத் திருநிலைப்படுத்தல் பூசையிலிருந்து வந்தது. இது தெரியாமலேயே அப்பா முதல் வருஷமே சொல்லிவிட்டார்: "இது கொடியேத்தாத திருவிழா."

சத்தம், நெரிசல், இதை ஊருக்கு வெளியே ஒரு திடலுக்கு மாற்றினால் என்ன என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. பக்கத்தில் ஹம் நகரில் எங்கள் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் திறந்தது. அங்கே தொழிற்சாலைப் பகுதியில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது, அதில் தேர் இழுக்கிறோம். கும்பிட்டு மனம் நிறைகிறது. ஆனால் வீட்டு வாசல்களில் மக்கள் காத்து நிற்க, தெருத்தெருவாகத் தேர் வருவதை நினைத்து அப்பா கடைசிவரை ஏங்கினார். ஊர் நடுவில் விழா நடப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அதை இழந்தவர்களுக்குத் தெரியும். சோஸ்டுக்கு அது இன்னும் இருக்கிறது. ஐந்து நாள் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்பா இப்போது இல்லை. அம்மா அதே ஊரில்தான் இருக்கிறார். இந்த வருஷமும் அந்தப் புதன்கிழமைக்கு லீவு போட்டுவிட்டேன். என் மகள் போன முறை அம்மம்மாவிடம் கல் ஏன் பச்சை என்று கேட்டாள். அம்மா பாதாம் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாசியம்மா."